யார் கட்டிய அபராதம், யாருக்குப் போன பணம்?

பேரங்காடி வாசலில் அதிர்ஷ்டக் குலுக்கல். முதல் பரிசு கார் என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். சீட்டில் பெயர், முகவரி, கைத்தொலைபேசி எண், அடையாள அட்டை எண், பிறந்த தேதி என்று கட்டம் கட்டமாக இடம் விட்டிருக்கிறது. பொருள் வாங்க வந்த அக்கா ஒருவர் பேனாவை வாங்கி, பிள்ளைகள் பெயரையும் சேர்த்து நான்கு சீட்டு நிரப்பிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார். கார் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து தொலைபேசி மட்டும் ஓயாமல் ஒலிக்கிறது. கடன் வேண்டுமா என்று ஒருவர், காப்புறுதி எடுக்கிறீர்களா என்று இன்னொருவர், பிள்ளைக்குத் துணைப்பாட ஆசிரியர் தேவையா என்று மூன்றாமவர். "என் நம்பர் இவங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று அந்த அக்கா கேட்கிறாரே, அந்தக் கேள்வியில்தான் தனிநபர் தகவல் பாதுகாப்பு என்ற விஷயமே தொடங்குகிறது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு சிங்கப்பூரிலும் சரி, பாலத்துக்கு அப்பால் ஜொகூரிலும் சரி, இது அன்றாடக் காட்சி. எண் எப்படிப் போனது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலான கடைக்காரர்களுக்கு இருக்கவில்லை. வங்கிக்கும் மருத்துவமனைக்கும் தனித்தனி விதிகள் இருந்தன. மற்றவர்களுக்குப் பொதுவான சட்டம் என்று ஒன்று இல்லை.

மலேசியா 2010-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அது நடப்புக்கு வருவதற்குள் 2013 நவம்பர் 15 ஆகிவிட்டது. சிங்கப்பூர் 2012-ல் தன் சட்டத்தை இயற்றி, இரண்டு கட்டமாக நடப்புக்குக் கொண்டு வந்தது. விற்பனை அழைப்புகளைத் தடுக்கும் 'அழைக்க வேண்டாம்' பதிவேடு 2014 ஜனவரி 2-ஆம் தேதி தொடங்கியது. தகவலைக் காக்கும் கடமைகள் அதே ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி வந்தன. இரண்டு நாட்டுச் சட்டங்களிலும் சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டு வாங்க வேண்டும். எதற்கு என்று சொல்லி வாங்க வேண்டும். சொன்ன காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். கையில் இருக்கும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தேவை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். அண்டை வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய இட்லிச் சட்டிக்கு நம்மவர்கள் காட்டும் மரியாதைதான் இது, புதிதாக ஒன்றுமில்லை.

சட்டம் இருக்கிறது, சரி. மீறினால் என்ன ஆகும்? அதில்தான் சட்டத்துக்குப் பல் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும்.

முதலில் மாட்டிக்கொண்டது ஒரு துணைப்பாட முகவை நிறுவனம். 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டில் இருந்த எண்களுக்கு விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்பிய குற்றத்துக்காக 2014 அக்டோபரில் அந்த நிறுவனத்துக்கும் அதன் இயக்குநருக்கும் நீதிமன்றம் தலா 39,000 வெள்ளி அபராதம் விதித்தது. நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாமல் இயக்குநரும் தன் பையிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. இந்த ஓர் அம்சத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் பெரிய வழக்குகளில் இது கிடைக்காது.

கராவோக்கே கடையும் ஒரு மறைச்சொல்லும்

தகவலைக் காக்கும் கடமைகள் நடப்புக்கு வந்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. 2014 செப்டம்பர் 16-ஆம் தேதி, 'கே பாக்ஸ்' என்ற கராவோக்கே நிறுவனத்தின் 317,000 உறுப்பினர்களின் விவரங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. செய்தவர்கள் தங்களை ஒரு குழு என்று சொல்லிக்கொண்டார்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக் கட்டணத்தைச் சிங்கப்பூர் உயர்த்தியதற்கு எதிர்ப்பு என்று காரணமும் சொன்னார்கள். சாலைக் கட்டணத்துக்கும், சனிக்கிழமை இரவில் பழைய பாட்டுப் பாடப் போனவர்களின் தொலைபேசி எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்க முடியவில்லை.

விசாரித்த தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2016 ஏப்ரலில் தீர்ப்பை வெளியிட்டது. அதைப் படித்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். அந்த நிறுவனத்தின் கணினி முறையில் 'அட்மின்' என்று ஒரு கணக்கு இருந்தது. அதை முன்பு பயன்படுத்தியவர் போன பிறகும் கணக்கை நீக்கவில்லை. அதன் மறைச்சொல்லும் 'அட்மின்' என்பதேதான். தகவல் பாதுகாப்புக்கு ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்பது சட்டம், நியமித்திருக்கவில்லை. உறுப்பினர் பட்டியலைப் பூட்டு ஏதுமில்லாமல் மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கராவோக்கே நிறுவனத்துக்கு 50,000 வெள்ளி, அதன் கணினி வேலையைப் பார்த்த நிறுவனத்துக்கு 10,000 வெள்ளி என்று அபராதம் விழுந்தது.

ஆணையம் எதைத் தண்டித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். திருட்டுப் போனதற்காக இந்த அபராதம் இல்லை. திருடன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வீட்டுக்காரர் தாழ்ப்பாள் போட்டிருந்தாரா என்பதுதான் கேள்வி. சட்டத்தின் சொற்களில் சொல்வதானால் 'நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு' செய்திருந்தாரா? தாழ்ப்பாள் போட்டும் திருட்டுப் போனால் நிறுவனம் தப்பலாம். திறந்து போட்டிருந்தால் திருடன் பிடிபடாவிட்டாலும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். கே பாக்ஸ் வழக்கில் இருந்தது கதவு மட்டுமே, தாழ்ப்பாளே இல்லை.

15 இலட்சம் நோயாளிகள்

இது பாட்டுக் கடை. அடுத்தது மருத்துவமனை.

2018 ஜூலை 20-ஆம் தேதி மாலை அமைச்சர்கள் செய்தியாளர்களைக் கூட்டினார்கள். சிங்கப்பூரின் மிகப் பெரிய பொதுச் சுகாதாரக் குழுமமான சிங்ஹெல்த்தின் கணினி முறைக்குள் ஊடுருவி, 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்களை எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்று அறிவித்தார்கள். 2015 மே முதல் தேதிக்கும் 2018 ஜூலை 4-ஆம் தேதிக்கும் இடையில் சிங்ஹெல்த்தின் சிறப்பு வெளிநோயாளிப் பிரிவுகளுக்கும் பலதுறை மருந்தகங்களுக்கும் போனவர்கள் இவர்கள். பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பாலினம், இனம், பிறந்த தேதி எல்லாம் போயிற்று. அவர்களில் ஏறத்தாழ 160,000 பேருக்கு எழுதிக் கொடுத்த மருந்துகளின் பட்டியலும் போயிற்று. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடியிருந்தார்கள். தம் மருந்துப் பட்டியலில் பதறும்படி எதுவுமில்லை என்று அவரே பின்னர் எழுதினார்.

நாட்டில் நாலு பேரில் ஒருவருக்கு மேல். தோபாயோ வீவக அடுக்குமாடியில் ஒரு மின்தூக்கியில் எட்டுப் பேர் ஏறினால் அதில் இரண்டு பேர். குறுஞ்செய்தி வந்ததா வந்ததா என்று அந்த வாரம் முழுவதும் உணவங்காடிகளில் இதே பேச்சு.

இதில் சிலருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. பெயரும் பிறந்த தேதியும்தானே போயிற்று, அதிலென்ன பெரிய இரகசியம் என்றார்கள். வங்கி அட்டை எண் திருட்டுப் போனால் ஒரு தொலைபேசி அழைப்பில் அட்டையை முடக்கிவிட்டுப் புதியது வாங்கலாம். பிறந்த தேதியை எங்கே போய் மாற்றுவது? அடையாள அட்டை எண் பிறந்தது முதல் சாகும்வரை ஒன்றுதான். "உங்கள் அடையாள எண்ணையும் பிறந்த தேதியையும் சொல்லுங்கள், நீங்கள்தானா என்று பார்க்கிறோம்" என்று கேட்கும் அலுவலகங்கள் அப்போது ஏராளம். அதே இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டு, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி மூதாட்டி ஒருவரை நம்ப வைப்பது எவ்வளவு சுலபம்! பூட்டை மாற்ற முடியாத வீட்டின் சாவி தொலைந்த கதை அது.

ஓய்வுபெற்ற மூத்த நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையில் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 2019 ஜனவரி 10-ஆம் தேதி வெளிவந்த அதன் அறிக்கை 454 பக்கம். 16 பரிந்துரைகள். கணினி தெரியாதவர்களும் படிக்கலாம். அதில் இருப்பது பெரும்பாலும் மனிதர்களின் கதைதான்.

ஊடுருவியவர்கள் 2017 ஆகஸ்டிலேயே ஓர் அலுவலகக் கணினி வழியாக உள்ளே வந்துவிட்டார்கள். பல மாதம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வோர் அறையாக நகர்ந்தார்கள். வழியில் இருந்த ஒரு நிர்வாகக் கணக்கின் மறைச்சொல், ஆங்கிலத்தில் 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லேதான். அதில் ஓர் எழுத்துக்குப் பதில் ஒரு குறியையும் இன்னோர் எழுத்துக்குப் பதில் பூஜ்யத்தையும் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். கராவோக்கே கடையைப் பார்த்துச் சிரித்தவர்கள் இங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

எச்சரிக்கை வராமலும் இல்லை. 2014-லேயே ஓர் ஊழியர் நோயாளிப் பதிவு மென்பொருளில் ஓர் ஓட்டையைக் கண்டதாகச் சொல்லி, அதைத் தம் மேலாளர்களிடம் கொண்டுபோகாமல், மென்பொருள் நிறுவனத்தின் போட்டியாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். செய்தது தவறு, வேலை போயிற்று. ஆனால் ஆளை அனுப்பியவர்கள், அவர் சொன்ன ஓட்டை உண்மையா என்று ஆராயவில்லை. ஆளோடு சேர்த்து விஷயத்தையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். 2018-ல் தகவல் களஞ்சியத்தின் சாவி அதே மென்பொருளின் நிரல்குறை ஒன்றின் வழியாகவே கைமாறியிருக்கக்கூடும் என்று குழு கருதியது. இதற்கிடையில் நடந்த ஓர் உள்தணிக்கையும் பலவீனங்களைச் சுட்டியிருந்தது. அவற்றைச் சரிவரச் சீர்செய்யவில்லை.

2018 ஜூன் 11-ஆம் தேதியிலிருந்து யாரோ தகவல் களஞ்சியத்துக்குள் நுழைய முயன்று தோற்பதைக் கணினிப் பிரிவு ஊழியர்கள் பார்த்தார்கள். மேலே சொன்னார்கள். கேட்டவர் அசையவில்லை. ஜூன் 27 முதல் தகவல் வெளியே போகத் தொடங்கியது. ஜூலை 4-ஆம் தேதி ஓர் ஊழியர், களஞ்சியத்தில் விநோதமான தேடல் நடப்பதைக் கவனித்து, மற்றவர்களுடன் சேர்ந்து அதை நிறுத்தினார். அவர் மட்டும் அன்று கவனிக்காமல் இருந்திருந்தால் எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்குமோ! நிறுத்திய பிறகும் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போனது ஜூலை 10-ஆம் தேதிதான்.

நடுவில் ஏன் ஒரு வாரம்? பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் பொறுப்பிலிருந்த நடுத்தர மேலாளர் ஒருவர் விசாரணையில் மனம்விட்டுச் சொன்ன காரணம் இதுதான்: மேலே தெரிவித்தால் ஆளாளுக்கு விவரம் கேட்டு விரட்டுவார்கள், இரவு பகல் என்று பாராமல் வேலை வாங்குவார்கள். அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்த அச்சம் புரியாமல் இராது. கெட்ட செய்தியைக் கொண்டு வருபவனுக்கே கூடுதல் வேலை என்ற பழக்கம் எத்தனை இடத்தில் இல்லை? ஆனால் அந்த அச்சத்தின் விலையை 1.5 மில்லியன் பேர் கொடுத்தார்கள். திறமை மிக்க, பெரும் வளம் கொண்ட எதிரி என்பதைக் குழு ஒப்புக்கொண்டது. ஆனாலும் அவன் வெற்றி தவிர்க்க முடியாத ஒன்றாக இருக்கவில்லை என்றும் எழுதியது.

வலது பையிலிருந்து இடது பைக்கு

2019 ஜனவரி 14-ஆம் தேதி, மருத்துவமனைகளின் கணினி வேலைகளை நடத்திய ஐஎச்ஐஎஸ் நிறுவனம் தன் நடவடிக்கையை அறிவித்தது. இரண்டு பேர் வேலைநீக்கம். ஒருவருக்குப் பதவி இறக்கம். தலைமை நிர்வாகி உட்பட ஐந்து மூத்த அதிகாரிகளுக்குக் 'கணிசமான' பண அபராதம். எவ்வளவு என்று வெளியில் சொல்லவில்லை. விழிப்புடன் செயல்பட்ட மூன்று ஊழியர்களுக்குப் பாராட்டுக் கடிதம்.

மறுநாள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் முறை. ஐஎச்ஐஎஸ்ஸுக்கு 750,000 வெள்ளி. சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளி. ஆக ஒரு மில்லியன். அதற்கு முன் ஆணையம் இவ்வளவு பெரிய அபராதம் விதித்ததில்லை. அப்போதைய சட்டப்படி ஒரு நிறுவனத்துக்கு விதிக்கக்கூடிய உச்சத் தொகை ஒரு மில்லியன்தான். இரண்டு அமைப்புகளும் ஒத்துழைத்தன, குறையை ஒப்புக்கொண்டன, உடனே சீர்செய்தன என்பதால் ஆணையம் குறைத்துக்கொண்டது.

வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்த சிங்ஹெல்த்துக்கு ஏன் அபராதம் என்று கேட்கலாம். நோயாளி பெயர் கொடுத்தது மருத்துவமனையிடம். கணினிக்காரர் யார் என்றே அவருக்குத் தெரியாது. வேலையைக் குத்தகைக்கு விடலாம், பொறுப்பை விட முடியாது என்பது சட்டத்தின் நிலை. கே பாக்ஸ் வழக்கிலும் இதே நியாயம்தான்.

ஆனால் உணவங்காடியில் எழுந்த கேள்வி வேறு. கணினி நிறுவனம் சுகாதார அமைச்சுக்குச் சொந்தமான குழுமத்தின் கீழ் இருந்தது. சிங்ஹெல்த்தும் அப்படியே. அபராதம் போவது அரசாங்கக் கருவூலத்துக்கு. அரசாங்கத்தின் வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போடுவதால் யாருக்கு வலிக்கும்? மருந்தகத்தில் வரிசையில் நின்று பெயர் கொடுத்த நோயாளிக்கு அந்த ஒரு மில்லியனில் ஒரு காசு கூட வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாலும் ஆளுக்கு 67 காசு. ஒரு கோப்பி கூட வாங்க முடியாது.

இந்தக் கேள்வியை வெறும் குறும்பு என்று தள்ளிவிட முடியாது. அதே நேரத்தில் அபராதத்தை மட்டும் பார்ப்பதும் பாதிதான் பார்ப்பது. தனியார் நிறுவனம் ஒன்றுக்கு இதே தவறு நடந்திருந்தால் ஆணையம் அபராதம் போடும், அரசாங்கம் நடத்தும் மருத்துவமனை என்றால் போடாது என்ற நிலை வந்திருந்தால் சட்டத்தை எவர் மதிப்பார்? தொகையைவிட, பெயர் போட்டு, நடந்தது என்ன என்று வரிவரியாக எழுதி வெளியிட்ட தீர்ப்புக்குத்தான் மதிப்பு அதிகம். அடுத்த நிறுவனத்தின் இயக்குநர் அவையில் அதைப் படிக்கிறார்கள். படித்துவிட்டுத் தங்கள் 'அட்மின்' கணக்கைப் போய்ப் பார்க்கிறார்கள்.

ஆனாலும் ஒரு பெரிய ஓட்டை சட்டத்திலேயே இருக்கிறது. ஐஎச்ஐஎஸ்ஸும் சிங்ஹெல்த்தும் நிறுவனங்களாகப் பதிவானவை என்பதால்தான் ஆணையத்தின் கைக்குள் வந்தன. அமைச்சுகளுக்கும் அரசாங்க அமைப்புகளுக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. சிங்ஹெல்த் அபராதம் வந்து இரண்டே வாரத்தில், ஜனவரி 28-ஆம் தேதி, சுகாதார அமைச்சின் எச்ஐவி பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரங்கள் கசிந்த செய்தி வெளியானது. மருந்துப் பட்டியலைவிடப் பன்மடங்கு வேதனை தரக்கூடிய தகவல் அது. வேலை போகும், உறவு அறும். ஆயினும் அந்தப் பதிவேடு அமைச்சினுடையது. ஆணையம் அமைச்சுக்கு அபராதம் போட வழியில்லை. அரசாங்க ஊழியர்களுக்கு 2018-ஆம் ஆண்டின் பொதுத்துறை நிர்வாகச் சட்டம் இருக்கிறது. தகவலைத் தகாத முறையில் வெளியிடும் ஊழியருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ விதிக்கலாம். அது தனி ஆளைத் தண்டிக்கும், அமைப்பைத் தண்டிக்காது. மலேசியச் சட்டத்திலும் மத்திய அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் இதே விலக்கு உண்டு.

பாதிக்கப்பட்டவருக்கு என்ன வழி?

அபராதத்தில் பங்கு இல்லை. வழக்குப் போடலாமா? சிங்கப்பூர்ச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. தகவல் தவறாகப் பயன்பட்டதால் நேரடியாக இழப்போ பாதிப்போ அடைந்தவர் சொந்தமாக நீதிமன்றம் போகலாம். 'இழப்பு' என்றால் பணம் போயிருக்க வேண்டுமா, மன உளைச்சல் போதுமா என்பது பல ஆண்டு இழுபறியாக இருந்தது. முதலீட்டு நிறுவனம் ஒன்றை விட்டுப் போன அலுவலர், பழைய வாடிக்கையாளரின் விவரங்களை வைத்துக்கொண்டு அவரைப் புதிய வியாபாரத்துக்கு அழைத்த வழக்கு அது. உயர் நீதிமன்றம் மன உளைச்சல் கணக்கில் வராது என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 செப்டம்பரில் அதை மாற்றியது. மன உளைச்சலும் இழப்புதான், ஆனால் தகவல் தன் கையை விட்டுப் போனது என்பது மட்டும் போதாது என்று தீர்ப்பளித்தது. அந்த வாடிக்கையாளர் பணம் கேட்கவில்லை. தம் விவரங்களைப் பயன்படுத்தத் தடை கேட்டார், கிடைத்தது. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி உள்ளவர் அவர். பலதுறை மருந்தகத்துக்குப் போகிற தாத்தாவுக்கு அந்த வசதி ஏது?

மலேசியாவின் நிலை இன்னும் இறுக்கமானது. அங்கே 2017 அக்டோபரில் வெளிவந்த செய்தியில் கசிந்த கைத்தொலைபேசிப் பதிவுகள் 46.2 மில்லியன். நாட்டின் மக்கள்தொகையோ அப்போது 32 மில்லியன் அளவு. ஒருவரே இரண்டு மூன்று எண் வைத்திருந்ததால் மக்களைவிட எண்கள் அதிகம்! பாதுகாப்புக் கடமையை மீறும் நிறுவனத்துக்கு அன்றைய சட்டம் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 300,000 ரிங்கிட். ஆணையரே நேரடியாக அபராதம் போட முடியாது. குற்றவியல் வழக்காக நீதிமன்றம் கொண்டுபோக வேண்டும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோர அந்தச் சட்டத்தில் தனி உரிமையும் இல்லை. கசிவு நடந்தால் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் கூட அப்போது கிடையாது. 2024-ல் செய்த திருத்தம் உச்ச அபராதத்தை ஒரு மில்லியன் ரிங்கிட்டாக்கியது. 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து, கசிவு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும்.

பெரிய தொகை விதித்தால் மட்டும் பெரிய நிறுவனங்கள் திருந்திவிடுமா? அமெரிக்காவில் அதையும் பார்த்தாயிற்று. ஃபேஸ்புக்கில் ஒரு வினாவிடைச் செயலியை ஏறத்தாழ 270,000 பேர் பயன்படுத்தப் போக, அவர்களின் நண்பர்கள் வழியாக 87 மில்லியன் பேர் வரையிலான தகவல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது 2018 மார்ச்சில் அம்பலமானது. சிங்கப்பூரில் மட்டும் 65,000 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது. அதே மாதம் சிங்கப்பூர் நாடாளுமன்றத் தெரிவுக்குழு முன் வந்த ஃபேஸ்புக் அதிகாரியை அமைச்சர் கா. சண்முகம் மணிக்கணக்கில் கேள்வி கேட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2019 ஜூலை 24-ஆம் தேதி அறிவித்த அபராதம் ஐந்து பில்லியன் அமெரிக்க டாலர். காரணம், பயனீட்டாளரை ஏமாற்ற மாட்டோம் என்று 2012-ல் அதே ஆணையத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை ஃபேஸ்புக் மீறியது. தனியுரிமைக்காக உலகில் எவரும் அதுவரை கட்டாத தொகை. ஆனால் அந்த நிறுவனத்தின் 2018 வருவாய் ஏறத்தாழ 56 பில்லியன் டாலர். ஒரு மாத வருவாயை எடுத்து நீட்டியது போலத்தான். அபராதம் இவ்வளவுதான் என்ற செய்தி முன்கூட்டியே கசிந்த அன்று அதன் பங்கு விலை இறங்கவில்லை, ஏறியது! ஆணையத்தின் ஐவரில் இருவர் இது போதாது என்று எதிர்த்து வாக்களித்தார்கள். இனிமேல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, விதிகளைப் பின்பற்றுகிறோம் என்று தலைமை நிர்வாகியே கையெழுத்துப் போட வேண்டும், பொய் என்றால் தண்டனை என்ற ஏற்பாட்டையும் செய்தார்கள். ஐந்து பில்லியனைவிட அந்தக் கையெழுத்துக்குத்தான் கனம் அதிகம் என்று சொல்லலாம். துணைப்பாட நிறுவன இயக்குநர் தன் பையிலிருந்து 39,000 வெள்ளி கட்டிய கதைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது அது ஒன்றுதான். பிரிட்டனில் இதே விவகாரத்துக்கு விழுந்தது 500,000 பவுண்டு மட்டுமே. அங்கே பழைய சட்டத்தின் உச்சவரம்பு அவ்வளவுதான்.

சிங்கப்பூரும் தன் வரம்பை உயர்த்தியது. 2022 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, உள்நாட்டில் ஆண்டுக்குப் பத்து மில்லியன் வெள்ளிக்கு மேல் வருவாய் ஈட்டும் நிறுவனத்துக்கு அந்த வருவாயில் பத்து விழுக்காடு வரை அபராதம் போடலாம். மற்றவற்றுக்கு ஒரு மில்லியன் வரை. சின்னக் கடைக்கும் பெரிய வங்கிக்கும் ஒரே உச்சவரம்பு என்ற நிலை போயிற்று. அதற்கு முன்பே, 2021 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து, 500 பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ பாதிக்கும் கசிவு என்று உறுதியானால் மூன்று நாளுக்குள் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. மேலே சொன்னால் வேலை கூடும் என்று ஒரு வாரம் உட்கார்ந்திருக்க இனி இடமில்லை.

அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டுக்கும் மாற்றம் வந்தது. 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, சட்டம் கேட்டாலோ ஆள் இன்னார்தான் என்று உறுதியாகத் தெரிந்தே ஆக வேண்டிய நிலை இருந்தாலோ ஒழிய, சிங்கப்பூரில் தனியார் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்கவோ அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளவோ கூடாது. இன்னமும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளிப்படையாக வைத்திருக்க வேண்டும். முதலில் அவருக்கு எழுத்தில் புகார் அனுப்பி, தேதியைக் குறித்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ அந்த நகலுடன் ஆணையத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.